எந்தப் பக்கம் கூவியது?

அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைகளில் வசந்தம் என்றால் காட்டு வான்கோழி வேட்டை. துப்பாக்கியைவிடக் குரலும் காதும் முக்கியமான வேட்டை அது.

தமிழ் படித்தவர்களுக்கு வான்கோழி ஒரு பறவையாக அறிமுகமாவதில்லை. ஓர் ஏளனமாகத்தான் அறிமுகமாகிறது. மயிலைப் பார்த்து ஆடப் போய்க் கேலிக்கு ஆளான பறவை என்று மூதுரை அதை வகுப்பறையில் நிரந்தரமாக நிற்க வைத்துவிட்டது. (அவ்வையாரை 12-ம் நூற்றாண்டில் வைத்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. கொலம்பசுக்கு முன்னால் அது இந்தியாவுக்கு வர வழியே இல்லை. ஆக, ஒன்று பாட்டு பிற்காலத்தது, அல்லது அந்த வான்கோழி இந்த வான்கோழி அல்ல. தமிழாசிரியர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு.)

விர்ஜீனியா மாநிலத்தின் மேற்குப் பக்கத்து மலைகளில் கதை தலைகீழ். ஏப்ரல் பிறந்துவிட்டால் அங்கே வளர்ந்த மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், வான்கோழியைப் பார்த்து நகல் செய்கிறார்கள். அதுவும் பெட்டை வான்கோழியை. விடிவதற்கு முன் மலையேறி, ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டையின் குரலில் கூப்பிடுகிறார்கள். சேவல் நம்பி வந்தால் வேட்டை. அநேகமாக நம்புவதில்லை.

2024 ஏப்ரல் கடைசி வாரத்தில் அப்படி ஒரு வேட்டைக்குத் துப்பாக்கி இல்லாமல் உடன்போனேன். பிளாக்ஸ்பர்க் என்ற பல்கலைக்கழக ஊரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளியில் மரவேலை கற்பித்து ஓய்வுபெற்றவர். வயது 70. தன் பெயரைப் போட வேண்டாம் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. "நான் எந்த மலையில் உட்காருகிறேன் என்று ஊருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் அங்கே எனக்கு இடம் இருக்காது" என்கிறார். வேட்டைக்காரர்களின் ரகசியம் நம் ஊர் சமையல்காரர்களின் ரகசியம் மாதிரி. பண்டத்தைக் காட்டுவார்கள், பக்குவத்தைச் சொல்ல மாட்டார்கள்.

அவருடைய பட்டறையில்தான் பாடம் தொடங்கியது. மேஜை மேல் வரிசையாகக் கருவிகள். ஒரு நீண்ட மரப்பெட்டி. அதன் மூடி ஒரு பக்கம் மட்டும் திருகாணியில் நிற்கிறது. மூடியின் அடியில் சாக்பீஸ் தேய்த்துப் பெட்டியின் விளிம்பில் இழுத்தால் பெட்டைக் குரல் வருகிறது. அடுத்தது, உள்ளங்கையில் அடங்கும் வட்டமான சிலேட்டுக் கல்லும் ஒரு மரக்குச்சியும். நாம் ஒன்றாம் வகுப்பில் காதைப் பொத்திக்கொண்ட அதே கிறீச்சலை அவர் ஒரு பாஷையாக மாற்றியிருக்கிறார். மூன்றாவது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ரப்பர் சவ்வு. இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கும்போது இதுதான் கைகொடுக்கும். கடைசியாக ஒரு எலும்புக் குழல். வான்கோழியின் சிறகு எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்தது. வாயில் வைத்து ஊதுவதில்லை, முத்தமிடுவது போல உறிஞ்ச வேண்டும். வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்க ஆதிக்குடிகள் இதைச் செய்து வைத்திருந்தார்கள்.

பெட்டையின் பேச்சில் ரகங்கள் உண்டு. கிளையில் உட்கார்ந்தபடி தூக்கக் கலக்கத்தில் முனகுவது ஒன்று. "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்று ஐந்தாறு தடவை கேட்பது ஒன்று. இரை பொறுக்கும்போது திருப்தியாக உறுமுவது ஒன்று. பொறுமையிழந்து வெட்டி வெட்டிப் பேசுவது இன்னொன்று. எதை எப்போது பேசுவது என்பதைவிட எப்போது வாயை மூடுவது என்பதுதான் கடினமான பாடம் என்கிறார் ஆசிரியர்.

மொழிபெயர்ப்பு பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் இந்தப் பேச்சில் ஓர் அடிப்படைப் பொய் இருக்கிறது. இயற்கையில் சேவல் இருந்த இடத்திலிருந்து கூவும். பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் பெட்டை வேஷம் போட்டுக்கொண்டு, "நான் வர மாட்டேன், நீ வா" என்கிறான். உலக வழக்கத்துக்கு விரோதமான வேண்டுகோள். அதனால்தான் கூவிக் கூவிப் பதில் சொல்லும் சேவல், எழுபது கஜத்தில் வந்து நின்று, "இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், மீதியை நீ வரக்கூடாதா?" என்பது போல் மணிக்கணக்கில் நிற்கும். பிறகு சலித்துப்போய் நடந்துவிடும்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அவர் என் பையைச் சோதித்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறத்திலும் ஒரு துணி, ஒரு கைக்குட்டை கூட இருக்கக்கூடாது. கூவும் பருவத்தில் சேவலின் தலையும் கழுத்தும் இந்த மூன்று நிறங்களில்தான் மாறி மாறி மினுக்கும். புதருக்குள் அந்த நிறம் தெரிந்தால் அவசரக்காரன் எவனாவது சுட்டுவிடுவான். அமெரிக்கக் கொடியின் நிறங்களை அமெரிக்கக் காட்டில் உடுத்தக்கூடாது என்ற இந்த விதியில் ஒரு நகைச்சுவை இருக்கத்தான் செய்கிறது.

இந்த நிறமாற்றத்தை முதலில் ரசித்து எழுதிய இந்தியர் ஜஹாங்கீர். 1612-ல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த விசித்திரப் பிராணிகளில் வான்கோழியும் ஒன்று. அதன் கழுத்து பவளச் சிவப்பாகி, பஞ்சு வெளுப்பாகி, நீலமாகி ஓந்தியைப் போல மாறுவதைப் பாதுஷா தன் நினைவுக் குறிப்பில் பதிந்து வைத்தார். ஓவியர் மன்சூர் வரைந்த அந்தச் சேவல் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் விஷயத்தில்தான் இந்தப் பறவைக்கு நாதியில்லை. ஆங்கிலேயர்கள் துருக்கிக் கோழி என்றார்கள். துருக்கியர்கள் 'ஹிந்தி' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பெயரும் இந்தியாவைத்தான் கைகாட்டுகிறது. இந்தி பேசுகிறவர்கள் போர்ச்சுகீசியர்களிடம் வாங்கிய 'பேரு' என்ற பெயரால் அழைக்கிறார்கள். யாரும் அமெரிக்கா என்று சொல்லவில்லை.

அதிகாலை நான்கரைக்கு ஜெஃபர்சன் தேசியக் காட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். டார்ச் இல்லாமல் ஏற்றம். பழைய மரவண்டித் தடம் ஒன்று மலையின் தோளைச் சுற்றிப் போகிறது. கருவாலியும் ஹிக்கரியும் இன்னும் முழுதாகத் தளிர் விடவில்லை. இடையிடையே டாக்வுட் மரங்கள் மட்டும் இருட்டிலும் வெளுப்பாகப் பூத்து நின்றன. கீழே பள்ளத்தில் ஒரு பக்கிக் குருவி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கு அவர் நின்று, கையைக் குவித்து, ஆந்தையைப் போல் அலறினார். அதிர்ச்சி வைத்தியம் அது. கிளையில் தூங்கும் சேவல், ஆந்தையோ இடியோ கார்க்கதவோ, எந்தத் திடீர் சத்தத்துக்கும் தன்னை மறந்து கூவிவிடும்.

கூவியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கி, அதை ஒரு குகைக்குள் எறிந்தது போன்ற சத்தம். எனக்கு மயிர் சிலிர்த்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

அப்போதுதான் புரிந்தது, அவர் என்னை ஏன் இவ்வளவு சுலபமாகச் சேர்த்துக்கொண்டார் என்று. 1979-லிருந்து ஒரு வசந்தம் விடாமல் சுட்டுப் பழகியதில் அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. வலது கைக்காரர்களுக்குக் குழலின் பக்கம் திரும்பியிருப்பது இடது காது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. தூரத்துக் கூவல் என்றால் சத்தமே கேட்காது. திசை தெரியாவிட்டால் இந்த வேட்டையில் ஒன்றுமே இல்லை.

நான் கையை நீட்டிக் காட்டினேன். பள்ளத்துக்கு அப்பால், எங்களைவிடச் சற்றுத் தாழ்வாக. வேட்டையைப் பார்க்க மட்டும் வந்தேன் என்று அதற்கு மேல் சொல்லிக்கொள்ள முடியாது.

தாழ்வாக இருப்பது நல்லது என்றார். வான்கோழி மேடேறி வரத் தயங்காது, இறங்கி வரத்தான் யோசிக்கும் என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. தோளைவிட அகலமான ஒரு கருவாலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். பின்னாலிருந்து வேறொரு வேட்டைக்காரன் தவறிச் சுட்டால் மரம் வாங்கிக்கொள்ளும். நான் அவருக்கு இடப்பக்கம், அதாவது செவிட்டுப் பக்கம். முகத்தில் வலை, கையில் உறை. அசையக்கூடாது. வான்கோழிக்கு மோப்பம் குறைவு. ஆனால் கண் பயங்கரம். தலையைத் திருப்பாமலே முக்கால் வட்டம் பார்க்கும், நிறங்களையும் பிரித்தறியும். மானிடம் தப்பிக்கலாம், இதனிடம் கண் சிமிட்டக்கூட யோசிக்க வேண்டும்.

அவர் சிலேட்டில் மெல்ல மூன்று முனகல் போட்டார். சேவல் பதிலுக்குக் கூவியது. மறுபடி முனகல், மறுபடி கூவல். பிறகு இன்னொரு குரல் கேட்டது. பெட்டை. நிஜமானது. அவருடைய சிலேட்டைக் கேட்ட பிறகு அந்தக் குரலைக் கேட்டபோதுதான் அசலுக்கும் நகலுக்கும் உள்ள தூரம் தெரிந்தது. (அசல் அவ்வளவு சுத்தமாக இல்லை. சுருதி தப்பி, அடித்தொண்டையில், அக்கறையில்லாமல் கூப்பிட்டது.) கனத்த சிறகடிப்போடு அவை ஒவ்வொன்றாகக் கிளையிலிருந்து இறங்கின. சேவல் இன்னும் இரண்டு தடவை கூவியது, இரண்டாவது முறை வெகுதூரத்தில். பெட்டைகளோடு போய்விட்டது.

மணி ஏழு. ஆசிரியர் துப்பாக்கியை மடியில் வைத்து, பையிலிருந்து ஆப்பிள் எடுத்து நறுக்கினார். "இனி காத்திருப்பதுதான். பத்து மணிக்கு அந்தப் பெட்டைகள் முட்டையிடப் போய்விடும். அவன் தனியாகிவிடுவான்."

வசந்தத்தில் வேட்டைக்கு அனுமதி இருப்பதன் தத்துவமே அதுதான். ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும். அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ அதற்குப் பங்கில்லை. பெட்டை தரையில் சருகுக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் தனியாக அடைகாக்கும். பெரும்பாலான பெட்டைகள் கூடி முடித்த பிறகு சேவலைச் சுட்டால் அடுத்த தலைமுறைக்கு நஷ்டமில்லை என்பது கணக்கு. விர்ஜீனியாவில் தாடி உள்ள பறவையை மட்டுமே வசந்தத்தில் சுடலாம். தாடி என்பது மார்பிலிருந்து தொங்கும் குதிரைவால் ரோமம் போன்ற கற்றை. ஒரு நாளைக்கு ஒன்று. பருவத்தின் முதல் சில வாரங்களில் நண்பகல் பன்னிரண்டோடு வேட்டை முடிந்துவிட வேண்டும். பிற்பகலில் இரை தேட எழுந்துவரும் பெட்டைகளை விரட்டாமலிருக்க இந்த ஏற்பாடு.

இவ்வளவு நுணுக்கமான சட்டம் சும்மா வரவில்லை. இந்த மலைகளில் ஒரு காலத்தில் வான்கோழி ஏறக்குறைய இல்லாமலே போனது. குடியேறிகள் காட்டை வெட்டினார்கள், வருடம் முழுக்கச் சுட்டார்கள், சந்தையில் விற்றார்கள். கனெக்டிகட்டில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது மறைந்தது. மாசசூசெட்ஸில் 1851-ல் கடைசிப் பறவை. மிச்சமிருந்தவை ஆள் ஏற முடியாத மலைகளிலும் சதுப்புகளிலும் ஒதுங்கின. மலைகளில் அடுத்த அடி விழுந்தது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை 1904-ல் நியூயார்க் மிருகக்காட்சிச் சாலையின் செஸ்நட் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் செத்தன. அப்பலேச்சியன் காட்டில் மனிதன், பன்றி, கரடி, வான்கோழி எல்லாருக்கும் இலையுதிர் காலத்தில் கொட்டை கொடுத்த மரம் அது. ஆசிரியரின் பாட்டி வீட்டுத் தூண்கள் செஸ்நட். அவர் உயிரோடு ஒரு பெரிய செஸ்நட்டைப் பார்த்ததில்லை. அடிமரத்திலிருந்து தளிர் மட்டும் கிளம்பும், ஆளுயரம் தாண்டியதும் நோய் வந்து கருகும்.

1930-களில் நாடு முழுக்க எஞ்சியிருந்த வான்கோழிகளைச் சில மதிப்பீடுகள் முப்பதாயிரம் என்கின்றன, சில இரண்டு லட்சம் என்கின்றன. அரசாங்கங்கள் முதலில் செய்தது எளிதான காரியம். பண்ணைகளில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டார்கள். பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள், ஆயிரக்கணக்கில். அத்தனையும் வீண். தாயில்லாமல் வளர்ந்த குஞ்சுக்கு நரியைத் தெரியாது, பருந்தைத் தெரியாது, எதைத் தின்பது என்றும் தெரியாது. காட்டுப் பறவையைப் பிடித்து இன்னொரு காட்டில் விட்டால்தான் பிழைக்கும். ஆனால் அதைப் பிடிப்பது யார்? 1951-ல் தென் கரோலினாவில் டஃப் ஹோல்புரூக் என்ற உயிரியலாளர், நீர்ப்பறவைகளுக்காகச் செய்யப்பட்ட பீரங்கி வலையை வான்கோழிக்குப் பயன்படுத்தினார். சோளம் தூவி, மறைந்திருந்து, பறவைகள் தலை குனிந்ததும் வெடிமருந்தால் வலையை மேலே வீசுவது. அதன் பிறகு பெட்டி பெட்டியாகக் காட்டுப் பறவைகள் மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை 65 லட்சத்தைத் தாண்டியது. அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் இன்று வான்கோழி இருக்கிறது. பாஸ்டன் நகரத் தெருக்களில் தபால்காரரை விரட்டுகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் இடம். 1937-ல் நிறைவேறிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் வசூலாகும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. சட்டத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரான ராபர்ட்சன் இதே விர்ஜீனியா மலைப் பக்கத்துக்காரர். இன்று அந்த வரி 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10. ஆனால் அமெரிக்காவில் இப்போது துப்பாக்கி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள் அல்ல. ஊரில் பயம் கூடினால் துப்பாக்கி விற்பனை கூடுகிறது. விற்பனை கூடினால் காட்டுக்குப் பணம் கூடுகிறது.

பிளாக்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு இதை வெறும் பொருளாதாரமாகப் படிக்க முடியாது. 2007 ஏப்ரல் 16 அன்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். பல்கலைக்கழக மைதானத்தின் ஓரத்தில் அரைவட்டமாக வைத்திருக்கும் 32 கற்களில் ஒன்றில் அவர் பெயர் இருக்கிறது. மலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாலை அதன் முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தேன். ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆப்பிளைத் தின்று முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு, "அந்த வாரம் இங்கே வான்கோழிப் பருவம். நான் மலைக்கு வரவில்லை. வெடிச்சத்தம் கேட்க முடியவில்லை" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

ஒன்பதரைக்கு வெயில் ஏறியது. சருகில் எறும்பு ஊர்வதுகூடக் கேட்கும் அமைதி. பத்து மணியும் போயிற்று. பத்தரைக்கு அவர் மரப்பெட்டியை எடுத்துச் சத்தமாக, எரிச்சலோடு ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தார். நிசப்தம். இன்னொரு முறை. அவர் தலையை ஆட்டி, பெட்டியைப் பைக்குள் வைக்கப் போனார்.

எனக்குக் கேட்டது. பலவீனமாக, மலையின் மறுபக்கத்திலிருந்து, பாதி காற்று தின்ற கூவல். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்குக் கேட்கவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் நினைப்பார்கள். நான் சைவம்; நம் நாட்டில் 1972 சட்டமும் 1991 திருத்தமும் வேட்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டன; பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டுக் கௌதாரியைக் கூவி வரவழைத்தவர்களின் வித்தை இன்று குற்றம். ஆனாலும் ஆறு மணி நேரம் ஒரு குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, கேட்டதைக் கேட்கவில்லை என்பது எனக்கு முடியவில்லை. வலப்பக்கம் கை காட்டினேன்.

அவர் உடல் மாறியது. முழங்காலைத் தூக்கித் துப்பாக்கியை அதன் மேல் ஊன்றி, வாய்க்குள் சவ்வைத் தள்ளிக்கொண்டார். ஒரே ஒரு அழைப்பு. கூவல், இப்போது பாதி தூரத்தில். அதற்குப் பின் அவர் அழைக்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மரவண்டித் தடத்தின் வளைவுக்கு அப்பாலிருந்து வேறொரு சத்தம் வந்தது. தூரத்தில் லாரி கியர் மாற்றுவது போல் அடிவயிற்றில் உணரும் உறுமல். சேவல் தோகை விரித்து நிற்கும்போது நெஞ்சுக்குள் எழுப்பும் சத்தம். ஆனால் ஆள் தெரியவில்லை. வீழ்ந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது.

மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்குச் சட்டம் கதவைச் சாத்திவிடும்.

நான் எதிர்பார்க்காததை அவர் செய்தார். இடது கையை மெல்லத் தரையில் இறக்கிச் சருகைக் கிளறினார். சரக், சரக், கொஞ்சம் விட்டு, சரக். குரல் இல்லை. இரை பொறுக்கும் பெட்டை, சேவல் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றிருப்பது போல. நாற்பத்தைந்து வருடப் பாடத்தின் சாரம் அந்தக் கிளறலில் இருந்தது.

மரத்துக்கு மேலே முதலில் ஒரு வெள்ளை நெற்றி. பிறகு நீலக் கன்னம், சிவப்புக் கழுத்து. சேவல் ஏறிவந்து முழுதாக நின்றது. மூதுரையைப் படித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்: அந்தப் பறவை யாரையும் பார்த்து ஆடவில்லை. வெயிலில் அதன் கறுத்த இறகு ஒவ்வொன்றும் செம்பாகவும் பச்சையாகவும் வெண்கலமாகவும் மாறியது. விசிறித் தோகையை ஒரு பக்கம் சாய்த்து, சிறகின் நுனி சருகைக் கீற, ஒவ்வொரு அடியாக வைத்தது. ஜஹாங்கீர் ஏன் ஒரு பக்கம் முழுக்க எழுதினார் என்று தெரிந்தது. முப்பத்தைந்து கஜம். தோகையை மடக்கிக் கழுத்தை நீட்டி, அந்தப் பெட்டை எங்கே என்று பார்த்தது.

வெடித்தது. தலையையும் கழுத்தையும் குறிவைத்துத்தான் சுட வேண்டும். உடம்பில் பட்டால் கனத்த இறகு ரவையைத் தடுத்துவிடும், பறவை காயத்தோடு ஓடி எங்கோ சாகும். இது ஓடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிறகு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் அடங்கியது. கழுத்தின் நிறங்கள் என் கண்ணெதிரே வடிந்து, சாம்பல் பூத்த ஊதாவாகின. ஆசிரியர் தொப்பியைக் கழற்றி, அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கலைந்த இறகுகளைத் தடவிச் சரிசெய்தார். வெற்றிக் கூச்சல் ஒன்றும் இல்லை. அவருடைய கண்ணைப் பார்ப்பதை நான் தவிர்த்தேன்.

ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல். தாடி பத்து அங்குலம். காலின் முள் ஓர் அங்குலத்தைத் தாண்டியிருந்ததால் மூன்று வயதாவது இருக்கும் என்றார். அங்கேயே உரிமச் சீட்டில் குறியிட்டு, சிக்னல் கிடைத்த இடத்தில் செல்போனில் அரசாங்கத்துக்குத் தகவல் சொன்னார். மார்புக் கறி அன்று மாலையே மாவில் புரண்டது. கால்கள் மெதுவாக வேக வைக்கப் போயின. சிறகு எலும்புகளை மட்டும் சோப்புத் தண்ணீரில் போட்டு வைத்தார்.

இனி இந்த மலைகளில் இவ்வளவு சேவல் கூவுமா என்பது நிச்சயமில்லை. உச்சத்தைத் தொட்ட வான்கோழி எண்ணிக்கை கடந்த இருபது ஆண்டுகளில், முக்கியமாகத் தென்கிழக்கு மாநிலங்களில், சரிந்திருக்கிறது. ஒரு பெட்டைக்கு இத்தனை குஞ்சு என்ற விகிதம் குறைகிறது. காடு அடர்ந்து, குஞ்சு பூச்சி பொறுக்கும் புல்வெளி சுருங்கியது ஒரு காரணம் என்கிறார்கள். முட்டை திருடும் ரக்கூன்கள் பெருகியது இன்னொரு காரணம். வேட்டையைச் சீக்கிரமே தொடங்கி, பெட்டைகள் கூடுவதற்கு முன்பே மூத்த சேவல்களைச் சுட்டுவிடுகிறோமோ என்ற சந்தேகமும் உண்டு. அதில் விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. மாநிலங்கள் காத்திருக்கவில்லை. 2022-ல் ஜார்ஜியாவும் அலபாமாவும் பருவத்தைத் தள்ளிப்போட்டு, ஒருவருக்கு அனுமதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்தன. 2023-ல் டென்னசியும் அதே வழிக்கு வந்தது. இதற்கு வேட்டைக்காரர்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததைப் போலவே ஆதரவும் வந்தது. எங்கே கூவல் குறைகிறது என்று முதலில் கண்டுகொள்கிறவர்கள் அவர்கள்தான். விடியற்காலையில் எத்தனை சேவல் கூவக் கேட்டார்கள் என்ற அவர்களுடைய குறிப்பை மாநில வனவிலங்குத் துறைகள் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன.

ஆசிரியரிடமும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 1979-லிருந்து ஒவ்வொரு வேட்டை நாளுக்கும் ஒரு வரி: தேதி, மலை, வானிலை, கேட்ட கூவல். பழைய பக்கங்களில் பூஜ்யம், ஒன்று. தொண்ணூறுகளில் எட்டு, பதினொன்று, ஒரு நாள் பதினேழு. அண்மைப் பக்கங்களில் எண்கள் மறுபடி இறங்கிக்கொண்டே வருகின்றன. குறைந்தது வான்கோழியா, தன் காதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டு வருடமாக யாரையாவது உடன் அழைத்துப் போகிறார். நோட்டில் இன்னொரு கோடு கிழித்து ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்.

அன்று மாலை சமையலறை மேஜையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தார். நான் எத்தனை கூவல் கேட்டேன் என்று விசாரித்தார். எண்ணிச் சொன்னேன். தன் பத்தியில் 6 என்றும் என் பத்தியில் 11 என்றும் எழுதிவிட்டு, மையின் ஈரம் காயும் வரை இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.